பங்காரு கால்வாய்ச் சிறுபாலம்

(சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கோலப் போட்டி முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் 34 வருடம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். வரிசையில் நிற்பவர்களின் பொறுமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நம் பின் கேட்டைத் தாண்டி நடந்தால் ஒரு சின்னப் பாலம் வருகிறது அல்லவா, அதைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு கண் வைத்த பாலம். ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறது. ஒரு கார் போனால் எதிரே வரும் ஆட்டோ நிற்க வேண்டும். கீழே ஆகாயத்தாமரை, இரு கரையிலும் சீமைக்கருவேலம். நம்மில் பலர் அதை "நாற்றப் பாலம்" என்கிறோம். கடற்கரையில் கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலம் 1869-ல் கட்டியது, அதற்கு விளக்கு அலங்காரம் உண்டு, போட்டோ எடுக்க ஆள் உண்டு. நம் பாலத்தின் கீழே போவதும் அதே கூவத்தின் தண்ணீர்தான் என்றால் இங்கே எத்தனை பேர் நம்புவீர்கள்?

அது சாக்கடை இல்லை. பங்காரு கால்வாய். கூவம் நகரத்துக்குள் போய்க் கறுப்பதற்கு முன்னால், ஜமீன் கொரட்டூரில் ஒரு பழைய அணைக்கட்டு அதை மறிக்கிறது. (அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூர் வேறு. கூரியர்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது தனிக் கதை.) மழைக்காலத்தில் அங்கே ஷட்டரைத் திறந்து தண்ணீரை இந்தக் கால்வாயில் திருப்புகிறார்கள். அது திருவள்ளூர் சாலையையும் பெங்களூரு நெடுஞ்சாலையையும் கடந்து செம்பரம்பாக்கம் ஏரியில் போய் விழுகிறது. அணைக்கட்டைத் தாண்டி வழிகிற மிச்சம்தான் திருவேற்காடு, நொளம்பூர், மதுரவாயல் என்று போய், சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கூவம் ஆகிறது.

செம்பரம்பாக்கம் எவ்வளவு பெரிய ஏரி என்பது உங்களுக்குத் தெரியும். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2007-ல் அங்கே திறந்த சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. 2015 டிசம்பரில் அதன் உபரி நீர் அடையாற்றில் போனபோது நாடே அதன் பெயரைப் பேசியது. ஆனால் எனக்கு அதைவிட 2019 கோடைதான் மறக்கவில்லை. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாம் சம்ப் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு டேங்கர் வருமா வராதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெலுங்கில் பங்காரு என்றால் தங்கம். அந்தக் கோடையில் தண்ணீருக்கு அதுதான் விலை.

கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நம் போர்வெல் மட்டமும் ஏறுகிறது. பம்ப் பார்க்க வரும் தம்பியைக் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன புரட்டாசியில், விடிவதற்கு முன் நடைப்பயிற்சி போனபோது, பாலத்தின் மேல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கழிவுநீர் லாரி நின்றது. உடைந்த கைப்பிடிச் சுவர் வழியாகக் குழாயை உள்ளே விட்டுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்து, "போங்க சார், சாக்கடையிலதானே கொட்றோம்" என்றார். அவரும் நம்மைப் போலத்தான் அதைச் சாக்கடை என்று நினைத்திருக்கிறார். நாற்றப் பாலம் என்று நாம் வைத்த பெயர் அவருக்கு ஒரு லைசென்ஸ் மாதிரி ஆகிவிட்டது.

மழை வருவதற்கு முன் கொட்டியது அங்கேயே தேங்கும். ஷட்டர் திறந்து வரும் முதல் தண்ணீர் அவ்வளவையும் அடித்துக்கொண்டு போய் ஏரியில் சேர்க்கும். அந்த ஏரித் தண்ணீர்தான் குழாய் வழியாக உங்கள் மகள் வீட்டுக்கும் என் மகன் வீட்டுக்கும் போகிறது. அங்கிருக்கும் சுத்திகரிப்பு நிலையம் ஏரி நீருக்காகக் கட்டியது, செப்டிக் டேங்குக்காக இல்லை.

அன்று பார்த்தது நம் குடியிருப்பின் லோடுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் பழக்கம் விடாதே! சங்கத்தின் வவுச்சர் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பாதாளச் சாக்கடை நம் தெருவுக்கு இன்னும் வராததால் மாதம் 12 லோடு எடுக்கிறோம். பணம் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறது. எடுத்ததை எங்கே கொட்டினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. உரிமம் உள்ள லாரியைத்தான் கூப்பிட வேண்டும், அது சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும் என்று 2014-லேயே தமிழக அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. உரிமம் உள்ள ஒருவரிடம் விசாரித்தேன். லோடுக்கு 400 ரூபாய் கூடக் கேட்கிறார், ஒவ்வொரு லோடுக்கும் இறக்கிய சீட்டு தருகிறேன் என்கிறார். மாதம் 4,800 ரூபாய். 96 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 50 ரூபாய்.

மெயின்டனன்ஸ் ஏற்கெனவே அதிகம் என்று பி பிளாக்கில் முணுமுணுப்பு கேட்கிறது. நியாயம்தான், எனக்கும் பென்ஷன்தான். லிஃப்ட்டுக்குள் புதுக் கண்ணாடி மாட்டுவதைத் தள்ளிப்போட்டால் முதல் ஆறு மாதத்துக்கு இந்த 50 ரூபாயும் ஏற வேண்டியதில்லை என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

கைப்பிடிச் சுவரைக் கட்டித் தரச் சொல்லி ஒரு மனு தயாராக இருக்கிறது. சுவர் முழுதாக இருந்தால் அந்த இடத்தில் குழாயை உள்ளே விடுவது அத்தனை சுலபமாக இருக்காது. மனு வாட்ச்மேன் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள், வீட்டு எண்ணையும் எழுதுங்கள். லாரி விஷயம் பிப்ரவரி பொதுக்குழுவில் நான்காவது பொருளாக வருகிறது. வர முடியாதவர்கள் எழுத்தில் வாக்கைக் கொடுத்துவிடலாம். கோல முடிவை இப்போது செயலாளர் அறிவிப்பார்.