குறட்டை நின்றால்தான் பயம்

தாத்தா குறட்டை விடும்வரை பாட்டி நிம்மதியாகத் தூங்குவார். சத்தம் சட்டென்று நின்றால் எழுந்து உட்கார்ந்து, "என்னங்க?" என்று தோளை உலுக்குவார். ஒரு பெரிய மூச்சு வரும். ரயில் மறுபடி கிளம்பும்.

பாட்டியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சிலருக்குத் தூக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சு வழியை அடைக்கின்றன. இதுதான் தூக்க மூச்சுத்தடை நோய். 10 விநாடியாவது மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30 தடவையைத் தொட்டால் நோய் கடுமை.

1981-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் வழியைக் கண்டார். கடுமையான நோய்க்கு இன்றும் முதல் வைத்தியம் அதுதான். ஆனால் முகமூடியோடு தூங்க எல்லோராலும் முடிகிறதா?

முடியாதவர்களுக்குப் பல் மருத்துவர் கை கொடுக்கிறார். இரண்டு பல்வரிசைக்கும் அச்செடுத்து, அளவாக ஒரு கவசம் செய்கிறார். இரவில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் வரும். நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். பொய்ப்பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்ட தாத்தாவுக்கு இது பொருந்தாது. கவசம் பிடித்துக்கொள்ளப் பல் வேண்டுமே!

காலையில் தாடை வலிக்கலாம். வருஷக்கணக்கில் போட்டால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் கொஞ்சம் மாறலாம். கடையில் கிடைக்கும் ஆயத்தக் கவசத்தை நம்ப வேண்டாம். முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கவசம் மாட்டிய பிறகும் இன்னொரு முறை செய்யுங்கள். குறட்டைச் சத்தம் குறைந்தும் மூச்சு நிற்பது தொடரலாம்.