இணையப் பெயர் வியாபாரம்: வாங்குபவரைத் தேடிப் போகும் முன்

(இளைஞர் தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் ஒரு புதுத் தொழிலைப் பற்றிக் கேட்கிறார்கள். டாட் காம் பெயர்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பின்னால் கூடுதல் விலைக்கு விற்கலாமா என்பதே கேள்வி. மனை வாங்கிப் போடுவது போல, பெயர் வாங்கிப் போடுவது. உம்மாவின் நகையை அடகு வைத்தாவது இதில் இறங்கலாம் என்று எண்ணும் பிள்ளைகளும் இருப்பதால் இன்று இதைப் பேசுகிறோம்.

மனைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மனை நம் சொத்து. இணையப் பெயரோ, கட்டணம் கட்டும் வரைதான் நம் கையில் இருக்கும். ஒரு டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்ய முடியும். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 பெயருக்கு 50,000 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் அடுத்த ஆண்டும் அதைக் கட்டியாக வேண்டும்.

விற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. விற்பனைத் தளத்தில் விலை போட்டுவிட்டுக் காத்திருப்பது ஒன்று. வாங்கக்கூடியவரை நாமே தேடிப்போய்க் கேட்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வழியில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். பனாவிஷன் என்பது சினிமா கேமரா நிறுவனம். 1995இல் டென்னிஸ் டோப்பன் என்பவர் பனாவிஷன் டாட் காம் பெயரைத் தமக்குப் பதிவு செய்துகொண்டார். அந்தத் தளத்தில் இல்லினாய் மாநிலத்துப் பனா என்ற ஊரின் படங்களைப் போட்டார். நிறுவனம் ஆட்சேபித்தபோது, 13,000 டாலர் கொடுத்தால் பெயரைத் தருவதாகக் கடிதம் எழுதினார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறருடைய வணிகச் சின்னத்தைப் பிடித்துவைத்து அவர்களிடமே விற்க முயன்றதுதான் அவர்மீதான குற்றச்சாட்டு.

1999இல் வந்த சர்வதேசத் தகராறுத் தீர்வு விதியும் இதையே சொல்கிறது. சின்னத்தின் உரிமையாளரிடமே அதிக விலைக்கு விற்கும் நோக்கத்தோடு பெயரைப் பதிவு செய்திருந்தால், அது தீய எண்ணத்துக்கு ஆதாரம். அதாவது, நாம் அனுப்பும் விற்பனைக் கடிதமே நமக்கு எதிரான சாட்சியாகும். நம் நாட்டிலும் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே பெயரைச் சோதியுங்கள். இந்திய வணிகச் சின்னப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒருவருடைய கடைப் பெயர், கம்பெனிப் பெயர், அதில் ஓர் எழுத்தை மாற்றிய பெயர் எதுவும் நமக்கு வேண்டாம். பலருக்கும் பொதுவான சொற்களால் அமைந்த பெயர்தான் நல்லது. ஒரு பேச்சுக்கு, ‘ஆம்பூர் ஷூஸ் டாட் காம்’ போன்ற பெயர் என்று வையுங்கள். ஊரும் தொழிலும் சேர்ந்தது. அங்கே அந்தத் தொழில் செய்வோர் பலர் இருப்பதால், கேட்டுப் பார்க்கவும் பலர் இருப்பார்கள்.

அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே சொற்களை டாட் இன் முகவரியில் வைத்திருப்பவர், போனில் சொல்லவே முடியாத நீண்ட முகவரி வைத்திருப்பவர், அந்தச் சொற்களுக்காகக் கூகுளில் பணம் கட்டி விளம்பரம் செய்பவர். இப்படி 20 பேரைப் பொறுக்கி எடுங்கள். 2,000 பேருக்கு ஒரே கடிதத்தை வீசுவது விற்பனை அல்ல, தொந்தரவு.

கடிதம் ஐந்தாறு வரி போதும். உங்கள் உண்மைப் பெயர், விற்கும் இணையப் பெயர், அது அவர் தொழிலுக்கு ஏன் உதவும், விலை. ‘இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று பொய் சொல்லாதீர்கள். ‘உங்கள் பதிவு காலாவதியாகிறது’ என்று பயமுறுத்தாதீர்கள். ஒரு முறை நினைவூட்டலாம். வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். அமெரிக்காவில் உள்ளவருக்கு எழுதினால், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்மையான தலைப்பும், உங்கள் அஞ்சல் முகவரியும், இனி அனுப்பாதே என்று சொல்ல ஒரு வழியும் கடிதத்தில் இருந்தாக வேண்டும்.

விலை படிந்த பிறகும் அவசரம் வேண்டாம். பணத்தை அமானிதமாக வைத்திருந்து, பெயர் கைமாறியதும் விற்றவருக்குக் கொடுக்கும் எஸ்க்ரோ சேவைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகவே முடியுங்கள். அனுப்பியதாகச் சொல்லி யாராவது காட்டும் ரசீதுப் படத்தை நம்பிப் பெயரை மாற்றிக் கொடுக்காதீர்கள்.

இது தரகு போன்ற தொழில்தான். மாதச் சம்பளம் போல வருமானம் வராது. பல மாதம் ஒன்றும் விற்காமலும் போகலாம். எனவே கடன் வாங்கியோ நகையை வைத்தோ இதைத் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. படிப்பையோ வேலையையோ விடாமல், கைமிச்சத்தில் இரண்டு மூன்று பெயரோடு தொடங்குங்கள். ஓராண்டில் விற்காத பெயரை, மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

வாங்க நினைத்திருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சின்னப் பதிவேட்டைச் சேர்ந்தே தேடிப் பார்ப்போம். ஆனால் பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டுவதற்கு முன்பு வாருங்கள்.