மூடி சரியாக உட்காராத வேப்

(மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப் போவது ரத்த அழுத்தமும் இல்லை, இனிப்புநீரும் இல்லை. வேப் பற்றி. அது பேரப்பிள்ளைகள் சமாச்சாரம், எங்களுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கிளினிக்கில் நாங்கள் பார்ப்பது வேறு. முப்பது நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர்கள், இருமலுக்குப் பயந்து, மகன் வாங்கிக் கொடுத்த வேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். புகைப் பழக்கமே இல்லாத பாட்டி வீட்டிலும், பேரன் கழற்றிப் போட்ட பேட்டரி மேசையில் சாவிக்கொத்தோடு சேர்ந்து கிடக்கிறது.

ஓர் ஐயா வந்தார். தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய வேப் குழாய் வடிவம். அடியில் திருகு மூடி, உள்ளே ஒரு பேட்டரி. மூடி சரியாக ஏறவில்லை, ஆடுகிறது. ஆகவே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நாலாக மடித்து மூடிக்குள் வைத்திருந்தார். "டார்ச்லைட்டுக்கு இப்படித்தானே செய்வோம்?" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் போனவர்கள் வீட்டில் டார்ச்லைட் இல்லாமல் இருந்ததில்லை. விளக்கு மங்கினால் பின் மூடியைக் கழற்றுவோம், ஸ்பிரிங்கை இழுத்து விடுவோம், வெள்ளித்தாள் வைப்போம், இன்னும் ஒரு சுற்று இறுக்குவோம். எரியும். தப்பாக வைத்தால் எரியாது, அவ்வளவுதான். நானும் அப்படிச் செய்து வளர்ந்தவன்தான். அந்தக் கைப்பழக்கம்தான் வேப்பில் ஆபத்தாகிறது.

ஏன் என்று சொல்கிறேன். டார்ச்லைட்டின் பெரிய பேட்டரி 1.5 வோல்ட். இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால் சூடாகும், செத்துப் போகும். வேப்பில் போடும் பேட்டரி லித்தியம். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். விரல் அளவுதான் இருக்கிறது, ஆனால் அதன் இரண்டு முனையும் உலோகத்தால் இணைந்துவிட்டால், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் இழுப்பதைவிட அதிக ஆம்பியர் மின்சாரத்தை ஒரே நொடியில் கொட்டிவிடும். உள்ளே சூடு ஏறும், வாயு உண்டாகும், போக வழியில்லை என்றால் குழாயே வெடிக்கும்.

இன்னொன்று. அந்தப் பேட்டரியின் தலை மட்டும்தான் பிளஸ். மற்ற உடம்பு முழுவதும், தலையைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட, மைனஸ். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சின்ன வளையமும்தான். உறை கிழிந்த பேட்டரியை உலோகக் குழாய்க்குள் தள்ளுவது, இரண்டு மின்கம்பிகளை உரசவிடுவது மாதிரி.

இப்போது மூடிக்கு வருகிறேன். மூடி தளர்வாக இருந்தால் பேட்டரி உள்ளே ஆடும். தொடும் இடத்தில் சின்னச் சின்னப் பொறி வரும், அந்த இடம் கருகும், சூடாகும். மூடியைப் பலமாக இறுக்கினால் பேட்டரியின் அடி அமுங்கும், உறை நசுங்கும். சில வேப்களில் பொத்தான் மூடியிலேயே இருக்கும். அங்கே அது அழுத்தின நிலையில் மாட்டிக்கொண்டால், நீங்கள் வாயில் வைக்காமலே பையில் எரிந்துகொண்டிருக்கும். மரை குறுக்கே ஏறினால் உலோகத் தூள் உதிரும். அந்தத் தூளும் மின்சாரம் கடத்தும்.

வேப்பின் மேல்பாகம் சேரும் இடத்திலும் இதே கதைதான். அந்த மரை மிக நுணுக்கமானது, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. கண்ணாடி போட்டாலும் நமக்குச் சரியாகத் தெரியாது. எனவே விரலை நம்புங்கள். முதலில் மூடியை இடப்பக்கமாக, கழற்றுவது போல மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். முதல் இரண்டு சுற்று விரல் நுனியிலேயே சுலபமாகப் போக வேண்டும். போகவில்லையா, நிறுத்துங்கள். பிளையரை எடுக்காதீர்கள்.

மரையில் அழுக்கு இருந்தால், பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, காய்ந்த பழைய பல்துலக்கியால் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைத்தான் பிடித்து வைக்கும். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் வேண்டாம். பல வேப்களில் மின்சாரம் அந்த மரை வழியாகத்தான் போகிறது. வெள்ளித்தாள், காசு, ஆணி எதையும் உள்ளே வைக்காதீர்கள். மூடியில் இருக்கும் சின்ன ஓட்டைகளை அடைக்காதீர்கள், அவை வாயு வெளியேறுவதற்காக வைத்தவை. வேறொரு வேப்பின் மூடியை எடுத்துப் போடுவதும் வேண்டாம். பார்க்க ஒன்றாக இருக்கும், மரை ஒன்றாக இருக்காது. சுத்தம் செய்தும் மூடி உட்காரவில்லை என்றால் அந்தச் சாமானுக்கு ஆயுள் முடிந்தது. நூறு வெள்ளி போட்டு வாங்கினது என்று மனது கேட்காது. தெரியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சஸில் ஒருவரும் வேப் வெடித்து இறந்தார்கள். அந்த நாட்டின் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை பத்திரிகைகளில் வந்த 195 சம்பவங்களைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் 61, வேப்போ தனி பேட்டரியோ பையில் இருந்தபோது நடந்தவை. கால்சட்டைப் பையில் சாவியும் சில்லறையும் பேட்டரியும் ஒன்றாக இருப்பது எவ்வளவு சாதாரணம் என்று யோசித்துப் பாருங்கள். தனி பேட்டரி என்றால் அதற்குரிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். துணி துவைக்கும் அம்மாமார் பையைத் தடவிப் பார்த்துவிட்டு மெஷினில் போடுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்பு மரத்துப் போயிருந்தால் விரலுக்கும் தொடைக்கும் சூடு தாமதமாகத்தான் தெரியும். "லேசாகச் சுட்டது" என்று நீங்கள் சொல்லும்போது தோல் வெந்திருக்கும். ஆறவும் நாளாகும். வேப் வழக்கத்துக்கு மாறாகச் சூடானாலோ, பேட்டரி வீங்கினாலோ, இனிப்பு வாடை மாதிரி ஒன்று வந்தாலோ, கையால் பிரித்துப் பார்க்க வேண்டாம். வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். புகையோ நெருப்போ வந்தால் 999.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்க வேண்டாம். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக "வேப் பேட்டரி வெடித்தது" என்று சொல்லுங்கள். அந்தப் புண்ணில் பேட்டரியின் ரசாயனமும் இருக்கலாம், டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம் சிகரெட்டைப் போலவே வேப்பையும் கட்டுப்படுத்துகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. பேரனுக்காக நீங்கள் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அந்த ஐயாவிடம் நான் வேப்பை விடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லவில்லை. முதலில் வெள்ளித்தாளை எடுக்கச் சொன்னேன். பிறகுதான் அவரே கேட்டார், "இதையும் விட்டுவிட மருந்து இருக்கா?" இருக்கிறது. புகை நிறுத்தும் சேவை பல அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் உண்டு. வேப் பிடிப்பவர்களும் போகலாம். தமிழில் பேசுபவர் வேண்டுமென்றால் பதிவு முகப்பிலேயே கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்த்துக் கொல்லைப்புறத்தில் கொளுத்தாதீர்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் பெட்டியில் போடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், டேப் ஒட்டின பேட்டரியைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அடுப்புக்குத் தூரமாக, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள். மகனையோ மகளையோ விசாரித்துக் கொண்டுபோய்ப் போடச் சொல்லலாம்.