நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாளை மறுதினம் உங்களில் நாற்பது பேர் நெடுந்தீவு பார்க்கப் போகிறீர்கள். போன கிழமை போய்வந்தவர்கள் என்பதால் எங்களைப் பேசச் சொன்னார்கள்.

பண்ணைப் பாலத்தால் பரவைக் கடலைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான். பிறகு படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். எங்களோடு சீமெந்துப் பைகளும் மரக்கறி மூட்டைகளும் ஆசிரியர்களும் கைக்குழந்தைக்காரரும் வந்தார்கள்.

பார்க்க நிறைய உண்டு. சாந்து பூசாமல் பவளக்கற்களை அடுக்கியே கட்டிய வேலிகள் எங்களுக்கு மிகவும் பிடித்தன. பெருக்குமரத்தின் பொந்துக்குள் நுழைந்து படமும் எடுத்தோம். (அறுபது வயதில் அது இலேசான காரியமல்ல!) கோட்டையையும் புறாக்கூட்டையும் ஓட்டோக்காரத் தம்பிமாரே காட்டுவார்கள். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை வெளியில் மேய்கின்றன. கடும் வரட்சியில் அவை தண்ணீரின்றிச் செத்ததும் உண்டு. சுண்ணாம்புக்கல் தீவு அது. நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கும், அளவுக்குமேல் இறைத்தால் கிணறு உவராகும். ஆகவே குடிதண்ணீரைக் கொண்டுபோங்கள். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

விடுதியில் எங்களோடு நெடுந்தீவுப் பிள்ளைகள் இருந்தார்கள். தவணை தொடங்கி இரண்டு நாள் பிந்தி வந்து, "கடல் குழப்பம், மிஸ்" என்பார்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வந்த பயணிகள், பெண்களும் குழந்தைகளுமாக, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அந்தச் சனத்துக்குக் கடலை விட்டால் வேறு பாதை இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் அதுதான் வழி.

இதனால் ஒன்று கேட்கிறோம். நாற்பது பேரும் பயணிகள் படகில் ஏறினால் நாற்பது தீவார் இறங்குதுறையில் நிற்பார்கள். நாங்கள் திரும்பும்போது கிளினிக்குக்குப் புறப்பட்ட ஓர் ஆச்சி இடமில்லாமல் மூட்டையொன்றின் மேல் குந்தியிருந்தா. எழும்பி இடம் கொடுத்தோம். ஆனால் நாற்பது பேர் எழும்பினால் எங்கே நிற்பது? தனிப்படகு பேசுவோம். காசைப் பங்கிடுவோம், ரூபாயில் சம்பளம் எடுப்பவர்களின் பங்கை டொலர்க்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

மதியச் சாப்பாட்டைத் தீவிலுள்ள எங்கள் பழைய மாணவி ஒருவர் சமைத்துத் தருகிறா. மீனா மரக்கறியா என்று இன்று பின்னேரம் தேநீருக்கு முன் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.