கதைத் தலைவியும் கைப்பேசியும்

(கல்கத்தாத் தமிழ் அன்பர்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நமக்கு வழக்கமானவை. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. மக்கள் நெஞ்சார நேசிக்கும் ஒரு கதைத் தலைவியின் வேடத்துக்கு நடிகை தேவை என்று அறிவிப்பு வெளியாகிறது. உடனே இளம்பெண்கள் வீட்டில் இருந்தபடியே நடித்துக் காட்டி, அதைக் கைப்பேசியில் பதிந்து, இணையத்தின் வழியே அனுப்பி வைக்கின்றனர். இது வேடிக்கைச் செய்தி என்று ஒதுக்கத் தக்கதன்று. கோடம்பாக்கத்துக்கும் நமக்கும் இடையே 1,660 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. நடிப்பில் நாட்டமுள்ள பெண்மக்கள் நம் காலனியிலும் இருக்கின்றனர். இப்புதிய வாயில் அவர்களுக்கு என்ன தருகிறது, அவர்களிடம் என்ன கேட்கிறது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

கதைத் தலைவி எங்கே பிறக்கிறாள்? ஆசிரியரின் ஏட்டில் பாதி பிறக்கிறாள். மறு பாதி படிப்பவர் உள்ளத்தில் பிறக்கிறாள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. மணியம் அவர்களின் ஓவியங்கள் அதற்கு அணி செய்தன. அத்தியாயங்களைத் தனியே பிரித்தெடுத்துக் கட்டடம் செய்து பாதுகாத்த குடும்பங்கள் பல. அக்கதை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் குந்தவையாகத் திரிஷாவும் தோன்றினர். அவ்வேளையில் வீடுதோறும் வழக்காடு மன்றம் கூடியது. பாட்டியின் குந்தவை ஒருத்தி. பேத்தியின் குந்தவை வேறொருத்தி. இருவரும் படித்ததோ ஒரே நூல்!

இத்தகைய தலைவிக்கு ஒரு முகம் தேடுவது முன்னாளில் எப்படி நடந்தது? நாம் வாழும் இந்நகரத்திலிருந்தே தொடங்கலாம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி'யைச் சத்யஜித் ராய் படமாக்க முற்பட்டபோது, சிறுவன் அப்புவைத் தேடிச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். துர்க்கையாக நடித்தவர் உமா தாஸ்குப்தா என்னும் பள்ளி மாணவி. 1955இல் வெளிவந்த அப்படத்தில், மழையில் நனைந்து மகிழும் துர்க்கையைக் கண்டு கண்கலங்காத வங்காளி இல்லை. பின்னாளில் அவர் திரைத்துறையை நாடாமல் ஆசிரியப் பணி ஆற்றி, 2024இல் மறைந்தார். ஆயினும் துர்க்கை என்றதும் வங்கத்தார் நினைவில் எழுவது இன்றும் அந்த முகமே.

கடல் கடந்தும் ஒரு தேடல் நடந்தது. மார்கரெட் மிட்செல் என்ற அமெரிக்க அம்மையார் 1936இல் வெளியிட்ட நாவல் 'கான் வித் தி விண்ட்'. அதன் தலைவி ஸ்கார்லெட் ஓஹாராவின் வேடத்துக்கு ஏறக்குறைய 1,400 பெண்களைப் பார்த்ததாகக் கூறுவர். 1938 டிசம்பரில் அட்லாண்டா நகரம் எரியும் காட்சியைப் படம் பிடித்தபோதும் தலைவி யாரென்று முடிவாகவில்லை! இறுதியில் அவ்வேடம் ஆங்கில நடிகை விவியன் லீ அவர்களுக்குக் கிடைத்தது. அமெரிக்கத் தென்னாட்டு மங்கையாக ஆங்கிலப் பெண் நடிப்பதா என்று சிலர் முணுமுணுத்தனர். படம் 1939இல் வெளிவந்து அவருக்கு ஆஸ்கர் பரிசை ஈட்டித் தந்தது. அந்த அம்மையார் 1913இல் பிறந்தது வேறெங்குமன்று. நம் வங்கத்தின் வடகோடியில் உள்ள டார்ஜிலிங்கில்.

அந்நாளில் தேடுவோர் ஊர் ஊராகச் சென்றனர். அவர்கள் செல்லாத ஊரில் இருந்தவளுக்கு வாய்ப்பில்லை. இந்நாளில் நிலைமை மாறிவிட்டது. ஹாரி பாட்டர் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க முனைந்த எச்.பி.ஓ. நிறுவனம், 2024 செப்டம்பரில் ஒரு பொது அறிவிப்பு விடுத்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வாழும் 9 முதல் 11 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் தாமே பதிவு செய்து அனுப்பலாம் என்றது. கதை ஒன்றோ கவிதை ஒன்றோ சொல்லும் சிறு பதிவு ஒன்று. தம்மைப் பற்றியும் தமக்கு நெருங்கிய ஒருவரைப் பற்றியும் பேசும் பதிவு மற்றொன்று. அவரவர் இயல்பான உச்சரிப்பிலேயே பேச வேண்டும் என்பதும் விதி. மூன்று வேடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் முயன்றனர். கல்வியிற் சிறந்த ஹெர்மயனியின் வேடத்துக்கு அராபெல்லா ஸ்டாண்டன் என்னும் சிறுமி தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி 2025 மே மாதம் வெளியாயிற்று.

வாயில் அகன்றது, மகிழ்ச்சி. ஆனால் வாயிலின் உள்ளே நிற்போர் எதைத் தேடுகின்றனர்? சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் எழுதிய 'ட்ரூ கிரிட்' என்னும் நாவலில், மேட்டி ராஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி தன் தந்தையைக் கொன்றவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவள் பேசும் மொழி கொச்சையற்றது. சட்டப் புத்தகம் பேசுவது போன்றது. கோயன் சகோதரர்கள் 2010இல் அக்கதையைப் படமாக்கியபோது ஏறக்குறைய 15,000 சிறுமியரின் முயற்சிகளுக்குப் பின் ஹேலி ஸ்டைன்ஃபெல்டைத் தேர்ந்தனர். மிகப் பலர் விழுந்த இடம் அந்த மொழியே. ஹேலிக்கோ அது தடையாகவே இல்லை. அவர் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அழகிய முகங்கள் ஆயிரம் வந்திருக்கும். மேட்டியின் வாக்கியத்தை மேட்டியைப் போலவே சொல்லக்கூடிய நாவுதான் அரிதாக இருந்தது.

முகத்தை மட்டும் பார்ப்பவர்கள் செய்யும் கொடுமையும் உண்டு. 'ஹங்கர் கேம்ஸ்' 2012இல் திரைக்கு வந்தபோது, ரூ என்னும் சிறுமியாக அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்தார். அவருடைய கருநிறத்தைப் பழித்துச் சிலர் இணையத்தில் எழுதினர். ஆசிரியை சூசன் காலின்ஸோ ரூ கரும்பழுப்பு நிறத்தவள் என்று நூலிலேயே எழுதியிருக்கிறார்! ஹாரி பாட்டர் நாடகம் 2016இல் லண்டனில் அரங்கேறுவதற்கு முன்னரே, ஹெர்மயனியாக நோமா டுமெஸ்வேனி என்னும் கறுப்பின நடிகை நடிப்பதை எதிர்த்தும் கூச்சல் எழுந்தது. ஹெர்மயனி வெள்ளை நிறத்தவள் என்று தாம் குறிப்பிடவில்லை என ஆசிரியை ரௌலிங் விளக்க வேண்டியதாயிற்று. பெண் பார்க்கும்போதே நிறத்தைப் பேசும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியாத நம் சமுதாயத்துக்கு இதில் பாடம் இருக்கிறது. நாளை ஒரு கருநிறப் பெண் குந்தவையாக வந்தால், நம் வீட்டுக் கூடத்தில் எழும் முதற்சொல் என்னவாக இருக்கும்? அதைக் கேட்டுக்கொண்டு நம் வீட்டுப் பெண்ணும் அருகில் அமர்ந்திருப்பாள் அல்லவா?

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். இங்கே பிறந்த நம் பெண்கள் வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகின்றனர். தமிழ் கேட்டால் விளங்குகிறது. பேசினால் ஓரளவு வருகிறது. படிக்கச் சொன்னாலோ எழுத்துக் கூட்டுகின்றனர். திரையில் குரலை இரவல் வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நம் திரையுலகில் அது பழைய வழக்கம். நாம் கண்ட நந்தினிக்கும் தமிழ்க் குரல் தந்தவர் தீபா வெங்கட். ஆனால் பெயர் பெற்ற நடிகைக்குக் கிடைக்கும் அவ்வசதி புதிதாக வருபவளுக்குக் கிடைக்காது. தேர்வுக்கு அனுப்பும் ஒரு நிமிடப் பதிவில் இரவல் குரலுக்கு இடமில்லை. முகமும் அவளுடையது; மூச்சும் அவளுடையது; தமிழும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். தொலைவு என்ற தடையைக் கைப்பேசி நீக்கிவிட்டது. மொழி என்ற தடையை நாம்தான் நீக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் நூலகத்தில் பெண்மக்கள் கூடட்டும். குந்தவையோ, சிவகாமியோ, 'தில்லானா மோகனாம்பாள்' மோகனாவோ, தனக்குப் பிடித்த தலைவியை ஒவ்வொருத்தியும் தேர்ந்துகொள்ளட்டும். அவள் பேசும் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். அவள் ஏன் அப்படிப் பேசினாள் என்று விவாதிக்கட்டும். தாய்மார்கள் உடனிருந்து ழகரமும் ளகரமும் திருத்தட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இணையத்தில் வரும் அழைப்பெல்லாம் மெய்யழைப்பு அல்ல. பதிவுக் கட்டணம் கேட்பவரையும், தேவையற்ற படங்களைக் கேட்பவரையும், பெற்றோர்க்குத் தெரியாமல் பேச விழைபவரையும் அக்கணமே விலக்குங்கள். அழைப்பு விடுத்த நிறுவனம் உண்மையில் அதுதானா என்று விசாரித்த பின்னரே அனுப்புங்கள். பதினான்கு வயது நிரம்பாத குழந்தை நடிகர்க்கு நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு விதிகளின் பாதுகாப்பு உண்டு. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக வேண்டும். இவற்றை அறிந்துகொண்டு மகளை அனுப்புவதே நன்று.

அன்பர்களே! முப்பதாயிரம் பேர் முயன்றால் மூவர்க்கே வேடம். எஞ்சிய பிள்ளைகள் தோற்றுவிட்டனர் என்று நாம் கருதவில்லை. ஒரு தலைவியின் சொல்லைத் தன் நாவில் ஏந்திப் பார்த்த பெண்ணிடம் அத்தலைவியின் துணிவில் ஒரு துளியேனும் தங்கிவிடும். வேடம் ஒருத்திக்கே உரியது. நூலோ படிக்கும் அனைவர்க்கும் உரியது. நம் பெண்மக்கள் அந்த உரிமையைத் தமிழிலேயே பெறட்டும். வரும் ஆண்டு விழாவில் இம்மேடையில் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்க நாம் ஆவலோடு காத்திருக்கிறோம்.