மெருகிடும் தொழிலும் அதன் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மோட்டார் வண்டிகளையும் ஆகாய விமானங்களையும் கழுவித் துலக்கி மெருகிட்டுக் கொடுக்கும் தொழிலைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். பொருளின் பெயரைக் கேட்டதும் சிலர் முகத்தில் சிறுநகை அரும்புவதைக் காண்கின்றோம். "கார் கழுவுவதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்பது அந்நகையின் கருத்தாகும். வாளியும் துணியும் உள்ள எவனும் செய்யக்கூடிய வேலை, படிப்பு ஏறாத பிள்ளைக்கு விட்ட வேலை என்றே நம்மவரிற் பலர் இதனை எண்ணி வருகின்றனர். இத்தொழில் எத்தகைய பொறுப்பை உடையது என்பதை முதலில் இரு சம்பவங்களாற் காட்டி, பின்னர் இதனை நடத்த விரும்பும் வாலிபர் அறிந்திருக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

1996ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆந் திகதி, நள்ளிரவு கழிந்த வேளையில், தென்னமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தின் தலைநகராகிய லீமாவிலிருந்து ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானமொன்று சில்லி தேசத்துச் சந்தியாகோவை நோக்கிப் புறப்பட்டது. புறப்படுமுன் அவ்விமானம் கழுவி மெருகிடப்பட்டிருந்தது. விமானத்தின் உடலிலே சிறு துளைகள் சில உண்டு. வெளிக்காற்றின் அமுக்கத்தை அறிந்து, விமானம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்திற் செல்கின்றது என்பதைக் கருவிகளுக்கு உணர்த்துபவை அவையே. வேலையின்போது நீரும் பசையும் உட்புகாதிருக்கும் பொருட்டு, இடப்பக்கத்துத் துளைகளை ஒட்டுநாடாவினால் மூடியிருந்தனர். அவ்வாறு மூடுவது முறையே. ஆனால் வேலை முடிந்தபின் நாடாவை எவரும் அகற்றவில்லை. மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை, புறப்படுமுன் சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணுக்கும் அது தென்படவில்லை.

விமானம் மேலெழுந்ததும் கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகக் காட்டத் தொடங்கின. கீழேயுள்ள கடலை இருளிற் காண இயலாத விமானிகள், தரையிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்தாரிடம் தமது உயரத்தைக் கேட்டனர். அவர்கள் கூறிய உயரமோ அதே விமானத்தின் கருவியிலிருந்து வந்த பிழையான உயரமே. விமானம் பசிபிக் சமுத்திரத்தில் மோதிய வேளையில் உயரமானி ஏறக்குறைய 9,700 அடியைக் காட்டிக்கொண்டிருந்தது. விமானத்திலிருந்த 70 பேரும் மாண்டனர்.

மற்றைய சம்பவம் 2008ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி பிரான்சு தேசத்தின் தென்கரையிலுள்ள பேர்ப்பிஞான் நகரையடுத்த கடலில் நிகழ்ந்தது. குத்தகை முடிந்து உரிமையாளரிடம் திரும்பவேண்டிய எயார்பஸ் ஏ320 விமானமொன்றுக்குப் புதிதாக நிறம் பூசவேண்டியிருந்தது. பூசுமுன் தூசியைப் போக்க அதனை நீர்பாய்ச்சிக் கழுவினர். விமானத்தின் மூக்கு காற்றை எதிர்த்து நிற்கும் கோணத்தை அறியும் உணர்கருவிகளை மூடிக்கொண்டே கழுவவேண்டும் என்பது விதி, அவ்விதி பேணப்படவில்லை. உள்ளே புகுந்த நீர், உயரத்துக் குளிரில் உறைந்து, மூன்று உணர்கருவிகளில் இரண்டை அசையவிடாமற் பிடித்துக்கொண்டது. பின்னர் தாழ்ந்த உயரத்திற் செய்யப்பட்ட ஒரு சோதனையின்போது விமானம் கட்டிழந்து வீழ்ந்து, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். தாழ்ந்த உயரத்தில் அச்சோதனையைச் செய்ததும் விபத்துக்கு ஒரு காரணமாயிற்று. ஆயினும் முதற் காரணம் கழுவிய நீரிலேதான் இருந்தது.

அன்பர்களே! இவ்விரு விபத்துக்களிலும் இயந்திரம் பழுதுபடவில்லை. முதலாவதில் ஒருவன் ஒட்டிய நாடாவை எடுக்கவில்லை. இரண்டாவதில் ஒருவன் ஒட்டவேண்டிய நாடாவை ஒட்டவில்லை. துடைப்பவனுடைய கையில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பூச்சின் தன்மை

இனி மோட்டார் வண்டிக்கு வருவோம். மேனாட்டார் "டீற்றெயிலிங்" என்று கூறுவது வெறுங் கழுவுதலன்று. வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் அதன் பொருளறிந்து சுத்திகரித்து, கீறலைக் குறைத்து, மெருகிட்டு, காப்புப் பூச்சு இடுவதே அதன் கருத்து. பொருளறிதல் என்ற சொல்லையே இங்கு அழுத்திக் கூறுகின்றோம்.

பெரியோர்கள் ஒஸ்ரின் ஏ40 வண்டியையும் மொறிஸ் மைனரையும் நன்கு அறிவார்கள். எரிபொருள் கிடையாத 1990களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெயிலே ஓடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்த வண்டிகள் அவை. அவற்றின் பழைய நிறப்பூச்சு ஒரே தன்மையான பூச்சு. மெருகுப் பசையிட்டுத் துடைத்தால், வண்டியின் நிறம் துணியில் ஏறும். வெயிலில் வெளிறிய மேற்பகுதி தேய்ந்து, கீழேயுள்ள புதுநிறம் வெளிப்படும். இக்காலத்து வண்டிகளிலோ நிறத்தின்மேல் "கிளியர் கோட்" எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு ஒன்றுண்டு. துடைக்குந் துணியில் நிறம் ஏறாது. ஏறாமையினால் ஒன்றும் தேயவில்லை என்று எண்ணுதல் பெரும் பிழையாகும். அம்மேற்பூச்சின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்றோன் வரையுமே. மனிதருடைய தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்றோன் எனின், நாம் வேலை செய்யும் பூச்சு மயிரிலும் மெல்லியது என்பது விளங்கும். கரடான பசையையும் சுழலும் இயந்திரத்தையும் கொண்டு ஒருமுறை தேய்த்தாற் சில மைக்றோன்கள் போய்விடும். சூரியவெப்பத்தையும் ஒளியையும் தாங்கும் காவல் அம்மேற்பூச்சிலேதான் இருக்கின்றது. அது தேய்ந்தால், சில ஆண்டுகளில் வண்டியின் கூரை செதில் செதிலாக உரியும்.

ஆதலின் மாதந்தோறும் மெருகிடச் சொல்லிக்கொண்டு வரும் வாடிக்கையாளரிடம், "ஐயா, இப்பொழுது மெருகு வேண்டாம், கழுவி மெழுகிட்டாற் போதும்" என்று சொல்லும் துணிவு தொழிலாளிக்கு வேண்டும். அன்றைய வருமானம் குறையும், வண்டி பிழைக்கும். பூச்சின் கனத்தை அளக்குஞ் சிறு கருவி ஒன்றுண்டு. அதனை வாங்குவது வீண் செலவன்று. அளவு தெரியாமல் மெருகிடுதல், ஆழந் தெரியாமல் ஆற்றில் இறங்குவதற்கொப்பாகும்.

நீரும் நிலமும்

நம் குடாநாட்டின் நீர் சுண்ணக்கல்லினூடாக வரும் வன்னீர். வெயிலில் நிற்கும் வண்டியிற் கிணற்று நீரை ஊற்றிக் காயவிட்டால், நீர் ஆவியாகிக் கல்சியப் படிவு வெண்புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். அதனைப் போக்க மீண்டும் தேய்க்கவேண்டும். தேய்த்தால் மேற்பூச்சுக் குறையும். ஆதலால் நிழலிற் கழுவி உடனே துடைத்தல் வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஒன்றிற் சவர்க்கார நீரும் மற்றையதில் துணியை அலசும் நீரும் வைத்தல் நலம். மண் ஏறிய துணியால் துடைப்பதே வண்டியில் நாம் காணும் வட்டக் கீறல்களுக்குப் பெருங் காரணம். கடற்கரை ஊர்களில் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி அலசவேண்டும். உப்புக் காற்று முதலில் தின்பது நம் கண்ணுக்கு எட்டாத அடித்தகட்டையே.

இதனினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத் தவிர யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. நாம் குடிப்பது நிலத்தடி நீர். சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உள்ளமையால், நிலத்தில் ஊற்றுவது விரைவிற் கிணற்றைச் சேரும். வண்டி கழுவிய எண்ணெய் நீரை வளவின் மூலையில் விடுபவன், அயல்வீட்டுக் குழந்தை குடிக்கும் நீரில் அதனை விடுகின்றான். ஆகவே இத்தொழிலைத் தொடங்குவோர், எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் தொட்டியை முதலிற் கட்டிய பின்னரே வாசலிற் பெயர்ப்பலகை தொங்கவிடவேண்டும் என்போம்.

தொழிலாளியின் உடலும் காக்கப்படவேண்டும். சில்லுகளையும் அலுமினியத்தையும் நொடியில் வெளுக்கச் செய்யும் சில திரவங்களில் ஐதரோபுளோரிக்கமிலம் உண்டு. அது தோலினூடே புகுந்து இரத்தத்திலுள்ள கல்சியத்தைக் குலைக்கும். நோவு சில மணி நேரத்தின் பின்னர் தோன்றுவதும் உண்டு. உயிருக்கே ஆபத்தாதலும் உண்டு. புட்டியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதனையும் பையன்களின் கையிற் கொடுத்தலாகாது.

தொழில் நடத்தும் முறை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்டோருக்கான கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், கையிலுள்ள வண்டியைப் பேணுவதே செல்வம் என்று மக்கள் கற்றுக்கொண்டனர். அப்பாடம் இத்தொழிலுக்குப் பெரிய மூலதனமாகும். ஆனால் மூலதனம் நிலைக்க ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, வண்டியை ஏற்கும்போதே உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்து, உள்ள கீறல்களையும் உடைவுகளையும் ஏட்டில் எழுதி அவருடைய கையொப்பம் பெறவேண்டும். பின்னாளில் எழும் வழக்குகளிற் பாதி அவ்வேட்டிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, கூலியை நேரத்தைக் கொண்டு கணக்கிடவேண்டும். ஒரு காருக்கு 2 பேர் 6 மணி நேரம் உழைத்தால் அது 12 மணி நேர உழைப்பு. அதற்குரிய சம்பளம், பசை, துணி, மின்சாரம், இயந்திரத்தின் தேய்மானம், இடவாடகை யாவற்றையுங் கூட்டிய பின்னரே இலாபத்தைப் பற்றிப் பேசலாம். அடுத்த கடைக்காரன் என்ன வாங்குகின்றான் என்று பார்த்து அதற்கு நூறு ரூபாய் குறைத்து வாங்குபவன், கணக்குப் பாராமலே கடையை மூடுவான். மூன்றாவது, இயலாததை வாக்களித்தலாகாது. நகத்தில் தட்டுப்படும் கீறல் மேற்பூச்சைக் கடந்திருக்கக்கூடும். அது மெருகினாற் போகாது என்று முன்னரே சொல்லிவிடவேண்டும்.

விமானங்களை நாடும் வாலிபருக்கு

1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எயார் சிலோன் விமானம் முதன்முறையாக இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பலாலி நிலையம் 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. இரத்மலானையிற் சிறு விமானங்களும் பறத்தல் பயிற்றும் பள்ளிகளும் உண்டு. ஆகவே விமானந் துலக்கும் தொழில் நமக்கு எட்டாத கனவன்று. ஆயினும் காரில் வெற்றி பெற்றவன் அதே வாளியுடன் விமானத்தை அணுகலாகாது.

சிறு விமானத்தின் கண்ணாடி, கண்ணாடியே அன்று. அக்கிறிலிக் என்னும் பொருள். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தை அதிலிட்டால் நுண்ணிய வெடிப்புகள் பரவும். விமானிக்கு எதிர்வெயிலில் வழி தெரியாது. சில்லுத் தொகுதியின்மேல் அதிவேக நீரைப் பாய்ச்சினால் உராய்வு நீக்கும் கிறீஸ் கழுவப்பட்டுவிடும். அமிலம் பட்டால், உறுதி மிக்க உருக்கில் ஐதரசன் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும். நிறம் பூசாத அலுமினியத் தகட்டின்மேல், துருவைத் தடுக்கும் தூய அலுமினியப் படலமொன்று உண்டு. அதிகம் மெருகிட்டால் அக்காவலே அழியும். இவற்றிற்காகவே, விமானத்தில் இடும் துப்புரவுப் பொருள்கள் எச்சோதனைகளில் தேறவேண்டும் என்று போயிங் நிறுவனம் டி6-17487 என்னும் ஏட்டில் வகுத்துள்ளது. தயாரித்தவரின் கைநூல் சொல்லாததையும், பொறுப்புள்ள பொறியியலாளர் அனுமதியாததையும் செய்தலாகாது.

நாடாவைப் பற்றி ஒரு சொல். எங்கள் வேலைத்தலத்திற் கண்ணைப் பறிக்கும் நிற நாடாவையே பாவிக்கின்றோம். ஒட்டியவர் எத்தனை ஒட்டினார் என்று பலகையில் எழுதுவார். 8 என்று எழுதினால், கழற்றிய 8 துண்டுகளும் அப்பலகையிலே திரும்ப ஒட்டப்படவேண்டும். எண்ணுபவர் ஒட்டியவராக இருத்தலாகாது, வேறொருவரே எண்ணவேண்டும். காருக்கும் இவ்வாறே செய்கின்றோம். காரில் மறந்த நாடாவினால் எவரும் சாகமாட்டார். ஆனால் காரிற் பழகாத கை விமானத்திற் பழகாது.

இத்தொழிலுக்குரிய மதிப்பை அறிந்த ஊர்களும் உண்டு. ஐசனோவர் முதல் நிக்சன் வரை அமெரிக்க ஜனாதிபதிகள் ஏறிச்சென்ற, 1959ஆம் ஆண்டின் போயிங் விமானமொன்று சியாற்றில் நகர விமானக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அது வெயிலிலும் மழையிலும் நின்று மங்கிய காலத்தில், பல மாகாணங்களிலிருந்து மோட்டார் வண்டி மெருகிடுவோர் ஆண்டுதோறும் கூடி, அதன் அலுமினிய உடலைத் துலக்கினர். கார் துடைத்த கைகளே ஒரு நாட்டின் சரித்திரப் பொருளைக் காத்தன.

பெரியோர்களே! உங்கள் பிள்ளை இத்தொழிலை நாடினால், "உத்தியோகம் கிடைக்கவில்லையா?" என்று கேளாதீர்கள். "எண்ணினாயா?" என்று கேளுங்கள். வாலிபர்களே! ஒளியைப் பார்த்து வாடிக்கையாளர் காசு தருவர். அவர் பாராத இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே உங்கள் தொழில். துளையில் ஒட்டிய நாடா, நிலத்தில் விட்ட நீர், தேய்த்துக் குறைத்த பூச்சு ஆகிய மூன்றும் அவர் கண்ணுக்குத் தெரியாதவை. அம்மூன்றையும் தம் கண்ணாற் கண்டு காப்பவர்க்கே இத்தொழிலும் நிலைக்கும், நற்பெயரும் நிலைக்கும்.