இடப்பக்கத்தை இழந்தவர்கள்



பட்டம் பெற்றுச் செவிலியராகவும் பிசியோதெரபிஸ்ட்டாகவும் வெளியே போகிற உங்களிடம் ஒரு வகை நோயாளியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தனக்கு என்ன போயிற்று என்று சொல்லத் தெரியாத நோயாளி.

வாதம் அடித்துவிட்டது என்றால் கோணிய வாயும் தூக்க முடியாத கையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளையும்தான். இரண்டு கண்களும் காண்கிற இடப்பாதி வலது மூளையின் பின்பகுதிக்குப் போகிறது. வலப்பாதி இடது மூளைக்கு. அங்கே ரத்தக்குழாய் அடைத்தால் இரு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி மறையும். இந்த நோயாளி தடுமாறுவார், ஆனால் பலர் தலையைத் திருப்பிச் சமாளித்துக்கொள்வார்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. வலது மூளையின் பக்கவாட்டு மேல்பகுதி அடிபட்டால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனத்திலிருந்து போய்விடலாம். நாஞ்சில் நாட்டுப் பந்தியில் அப்படி ஒரு பெரியவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனி இடப்பக்கம் இருக்க இலை போட்டு, அந்த ஓரத்தில் உப்பேரியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருக்கிறார்கள். வலப்பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "எனக்கு உப்பேரி வைக்கல்லியே" என்கிறார். முகத்தில் ஒரு பாதிதான் சவரம் ஆகியிருக்கும். இடப்பக்கம் நின்று மகள் கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார். இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். வீட்டார் வைக்கிற பெயர் வேறு: வீம்பு, அடம், புத்தி பேதலிப்பு. அந்த வீண்பழி எனக்குப் பெரிய வேதனை.

1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் குறையுள்ள மிலான் நகரத்தாரிடம், பேராலயச் சதுக்கத்தை மனத்தில் கொண்டுவந்து சொல்லச் சொன்னார்கள். அவர்கள் வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். சதுக்கத்தின் எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டவற்றைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள். நம் ஊர்க்காரர் ஒருவரை, மணவாளக்குறிச்சியிலிருந்து குளச்சலுக்குப் போவதாக நினைக்கச் சொன்னால் இடப்பக்கம் கடல் இருப்பதையே சொல்லாமல் விடலாம். திரும்பி வருவதாக நினைக்கச் சொன்னால், இப்போது வலப்பக்கம் வந்துவிட்ட கடலைச் சொல்வார். நினைவு அழியவில்லை. அதன் இடப்பாதிக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் அவருடன் இருந்தவர்களும் 1997இல் எழுதியது இன்னும் வியப்பானது. இப்படிப்பட்ட நோயாளிகளின் வலப்பக்கம் கண்ணாடியை நிறுத்தி, இடப்பக்கமிருந்த பேனாவைக் கண்ணாடியில் காட்டி எடுக்கச் சொன்னார்கள். சிலர் கண்ணாடிக்குள்ளேயே கையை விட்டார்கள், பின்னால் துழாவினார்கள். அது கண்ணாடி என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தும் கை இடப்பக்கம் போகவில்லை. இப்படிப்பட்டவரை, "திரும்பிப் பாருங்க, அங்கதான் இருக்கு" என்று அதட்டி என்ன பயன்?

நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாளில் நீளக் கோடு போட்டு நடுவில் குறிக்கச் சொல்லுங்கள். குறி வலப்பக்கம் ஒதுங்கினால் சந்தேகப்படுங்கள். கடிகாரம் வரையச் சொல்லுங்கள். பயிற்சியின்போது இடப்பக்கம் நின்று பேசி மெல்லத் திருப்புங்கள், புத்தகத்தின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். ஆனால் அழைப்பு மணியையும் தண்ணீரையும் வலப்பக்கமே வையுங்கள்; அவசரத்துக்கு எட்ட வேண்டும். பைக் ஓட்டவும் வள்ளத்தில் கடலுக்குப் போகவும் கை கால் தேறினால் மட்டும் போதாது, பார்வையையும் கவனத்தையும் சோதித்த பிறகே போகலாம் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கைகால் நன்றாக இருக்க, திடீரென்று ஒரு பக்கம் தெரியாமல் போவதும் பக்கவாதமாக இருக்கலாம். பலர் கண்ணாடிக்கடைக்குப் போய் நேரத்தை இழக்கிறார்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வர்ம வைத்தியம் செய்யும் ஆசான்மார் மேல் இந்த மாவட்டம் வைத்திருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த முதல் மணி நேரங்கள் தைலத்துக்கு உரியவை அல்ல.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய கட்டிலின் இடப்பக்கம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால், அது அவர் குற்றமில்லை என்பதை முதலில் அவருடைய வீட்டாருக்குச் சொல்லுங்கள்.